ஜஹானாரா பேருக்கு வந்த பெர்மிட்

பெர்மிட் வந்த அன்று காந்தி மார்க்கெட் வெங்காய மண்டியில் துறையூர் லாரிகள் வரிசையாக நின்றன. ஆடிக் காற்று. வெங்காயச் சருகு எழும்பிப் பறந்து மூட்டை தூக்குகிறவர்களின் தலையிலும் புருவத்திலும் ஒட்டிக்கொண்டது. கொக்கி போட்டு இழுத்து மூட்டையை முதுகில் வாங்கும்போதெல்லாம் நசுருதீனின் இடது முட்டி ஒரு சத்தம் போட்டது. போன வருஷம் வரை அந்தச் சத்தம் இல்லை.

"பாய், முட்டிக்கு கிரீஸ் வைங்க. லாரி ஸ்பிரிங் பட்டை மாதிரி கத்துது" என்றான் கூட மூட்டை தூக்கும் மதுரைவீரன்.

நசுருதீன் சிரித்தார். சிரித்தால் மூச்சு வாங்கியது. அதனால் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

மத்தியானம் சாப்பிடப் பாலக்கரை வீட்டுக்கு வந்தபோது மலாயா ஸ்டாம்பு ஒட்டிய நீளக் கவர், பீடி இலை நறுக்கும் முறத்தின் மேல் இருந்தது. சாரா பீவி அதைத் தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்து இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் ஜஹானாரா. நசுருதீனின் மவுத்தான அண்ணன் அப்துல் சுக்கூரின் மனைவி. இரண்டு பெண்களும் பத்து வருஷத்துக்கு மேலாக எதிரும் புதிருமாக உட்கார்ந்து பீடி சுற்றுகிறவர்கள். பேச்சே இல்லாமல் ஒரு நாளைக் கடத்திவிடுவார்கள். சண்டை ஒன்றும் இல்லை. பேசினால் கை நின்றுவிடும், அவ்வளவுதான்.

நசுருதீன் கை கழுவிவிட்டு வந்து கவரைப் பிரித்தார். உள்ளே இங்கிலீஷில் ஒரு காகிதமும், நசுருதீனுக்கும் சாராவுக்கும் பிறந்த ஒரே மகன் முகம்மது கனி தமிழில் எழுதிய கடிதமும் இருந்தன. எழுத்துக் கூட்டிப் படித்தார். தைப்பிங்கில் எல்லாரும் நலம். கனியின் மனைவி வஹீதாவுக்கு ஆறு மாதம். அவள் தாய் தகப்பன் இல்லாமல் வளர்ந்த பெண். பேறு பார்க்க அவள் பக்கத்தில் ஆள் கிடையாது. வந்து இருக்க ஆறு மாதப் பெர்மிட் வாங்கியாகிவிட்டது. ஆனால் அது பெரியம்மா பேருக்குத்தான் கிடைத்தது. எவ்வளவோ நடந்து பார்த்தேன், அம்மா என்னை மன்னிக்கவும்.

படித்து முடித்துவிட்டு அவர் காகிதத்தை மடித்தார். சாரா பீவி தலை நிமிரவில்லை.

"தெரிஞ்சதுதானே" என்றாள். "அங்க அவனுக்கு அம்மா நான் இல்லையே."

இது இப்படி ஆன கதை சந்து முழுக்கத் தெரிந்ததுதான். மலாயாவில் ஆள் இறங்குவதற்குச் சட்டம் இறுகிக்கொண்டிருந்த வருஷம். அங்கே இருக்கிறவன் பெண்டாட்டி பிள்ளையை மட்டும் அழைத்துக்கொள்ளலாம், மற்றவர்களுக்கு வழி இல்லை என்று ஆகியிருந்தது. தைப்பிங்கில் பலசரக்குக் கடையில் பங்கு வைத்திருந்த அப்துல் சுக்கூர் ஊருக்கு வந்தார். அவருக்கும் ஜஹானாராவுக்கும் பிள்ளை இல்லை. தம்பி முதுகில் மூட்டை சுமக்கிறான், தம்பி மகனும் அதே முதுகோடு வளர்கிறான் என்று பார்த்தார். என் பிள்ளையாக எழுதிக் கூட்டிப் போகிறேன் என்றார். அப்படிப் போன பையன்கள் திருச்சியில் பலர். அண்ணன் பிள்ளை தம்பி பிள்ளையாகும், அக்காள் பிள்ளை மாமன் பிள்ளையாகும். ஊரில் யாரும் அதைப் பொய் என்று நினைக்கவில்லை. குடும்பத்துக்குள் தானே. கனியின் காகிதத்தில் அத்தா அப்துல் சுக்கூர், அம்மா ஜஹானாரா என்று ஏறியது. பன்னிரண்டு வயதுப் பையன் கப்பல் ஏறினான். நாலு வருஷம் கழித்து அப்துல் சுக்கூர் அங்கேயே மவுத்தானார். கடைப் பங்கு கனிக்கு வந்தது. ஜஹானாரா இங்கே பின்னறையில் வெள்ளை உடுத்தினாள்.

அதன் பிறகு கனி ஊருக்கு வரவில்லை. கடையை விட்டு வந்தால் பங்காளி விழுங்கிவிடுவான் என்றான். வெளியே போனவனைத் திரும்ப உள்ளே விடுவார்களா என்ற பயமும் இருந்தது. பெற்றவள் வேறு, காகிதத்தில் இருப்பவள் வேறு என்று அங்கே தெரிந்தால் கடையும் போய், கட்டினவளையும் விட்டு அவன் கப்பலேற வேண்டியதுதான். ஆகவே உண்மையைச் சொல்லி மனுப் போடுகிற பேச்சுக்கே இடமில்லை.

அன்று சோற்றுக்குக் கருவாட்டுக் குழம்பு. மண்டியில் தோல் உரிந்து விலை போகாத சின்ன வெங்காயத்தை நசுருதீன் மடியில் கட்டி வருவார். அதைச் சாரா முழுசு முழுசாகப் போட்டிருந்தாள். அவர் சாப்பிட்டுவிட்டு மறுபடி மண்டிக்குப் போனார்.

*

மலைக்கோட்டைக்குக் கீழே பெரிய கடைவீதியில், ஒரு பாத்திரக் கடையின் ஓரத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவர் முஜிபுர் ரஹ்மான். கப்பல் டிக்கெட், பாஸ்போர்ட் பாரம், மலாயாவுக்குத் தந்தி எல்லாம் அவர் வழியாக நடக்கும். நசுருதீன் வேலை முடிந்து அழுக்கோடு போய் நின்றார். முஜிபுர் ரஹ்மான் பெர்மிட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பெரியம்மாவுக்குப் பழைய பாஸ்போர்ட் உண்டா என்று கேட்டார். இல்லை. போட்டோ எங்கேயாவது எடுத்ததுண்டா. வெளியாருக்கு முகம் காட்டாத கோஷாப் பெண், எங்கே எடுப்பது. மலாயாவில் அவர் முகம் பார்த்தவர்கள் யாராவது? கிடையாது, அண்ணன் அவளை அழைத்துக்கொண்டதே இல்லை.

"அப்பறம் என்ன பாய் யோசனை?" என்றார் முஜிபுர் ரஹ்மான். "பாஸ்போர்ட்டுல எந்த மொகம் ஒட்டியிருக்கோ அவங்கதான் ஜஹானாரா. ஒங்க சம்சாரத்தப் போட்டோ எடுங்க. பெத்தவ புள்ளையப் பாக்கப் போறா. இதுல அல்லாவுக்கு என்ன கோவம் வரப்போவுது?"

ஒரு விஷயம் மட்டும் கவனம் என்றார். ஜஹானாரா விதவை என்று பாரத்தில் இருக்கும். புருஷன் இருக்கிறவள் கழுத்தில் போடுகிற கருகமணி போட்டோவில் தெரியக் கூடாது. வெள்ளைச் சேலைதான் உடுத்தியிருக்க வேண்டும்.

இதை நசுருதீன் வீட்டில் சொன்ன விதம், மூட்டையை எங்கே இறக்குவது என்று தெரியாதவர் சொல்வது போல இருந்தது. வெள்ளைச் சேலை என்பதை மட்டும் கடைசியில் சுவரைப் பார்த்துச் சொன்னார். சாரா பீவியின் கை கழுத்துக்குப் போய்விட்டுத் திரும்பியது.

ஜஹானாரா பீடிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றி முடித்து, நூலை அறுத்து, பீடியைக் கட்டோடு சேர்த்த பிறகுதான் பேசினாள்.

"பேருதானே சாரா, எடுத்துக்க. எனக்கு அது இங்க எதுக்கும் ஒதவல. சேலையும் ரெண்டு இருக்கு. ஒண்ணு புதுசு."

"ஒங்களுக்குப் போகணும்னு இல்லையாக்கா?"

"எனக்கு அங்க யாரு இருக்கா? மண்ணுக்குள்ள இருக்காங்க ஒருத்தவுக. அவுக இருந்தப்பவே கூப்பிடல."

அதைச் சொல்லிவிட்டு அடுத்த இலையை எடுத்தாள்.

*

தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு மாடியில் ஸ்டூடியோ இருந்தது. சாரா பீவி துப்பட்டிக்குள் வெள்ளைச் சேலையோடு வந்தாள். படியேறும் முன் நின்று, துப்பட்டிக்குள்ளேயே கையை விட்டுக் கருகமணியைக் கழற்றி நசுருதீனிடம் நீட்டினாள். அவர் கைலிக்கு மேல் கட்டியிருந்த பச்சை பெல்ட்டின் பைக்குள் அதை வைத்துப் பட்டனைப் போட்டார். 

அவர் மேலே போகவில்லை. கீழே நின்று குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழம் விற்கிறவன் வெயிலுக்கு நனைத்த சாக்கைக் கூடை மேல் போட்டான். மாடியில் தன் பெண்டாட்டி தன் அண்ணன் விதவையாகப் படம் பிடிக்கப்படுகிறாள், தான் உயிரோடு கீழே நிற்கிறோம் என்பது அவருக்குக் கொஞ்சம் வேடிக்கையாகவும் கொஞ்சம் கசப்பாகவும் இருந்தது. அவள் இறங்கி வர வெகு நேரம் ஆனது போலத் தோன்றியது. வந்து, படம் பிடிக்கிறவன் அசையாதே அசையாதே என்கிறான், மூச்சு விடுவதற்குக்கூடக் கேட்க வேண்டியிருந்தது என்றாள்.

படம் வந்தபோது சாரா பீவி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள். அவள் அம்மா கடைசிக் காலத்தில் இருந்தது போல இருந்தது.

பாரத்தில் கெசட்டட் ஆபீசர் ஒருவர், இந்த ஆளை எனக்கு நேரில் தெரியும் என்று கையெழுத்துப் போட வேண்டும். நசுருதீனுக்குத் தெரிந்த ஒரே கெசட்டட் ஆபீசர் ஸ்ரீரங்கத்து மாட்டு டாக்டர் சௌரிராஜன். மார்க்கெட் வண்டி மாடுகளுக்கு ஊசி போட வருகிறவர். மாடு முரண்டு பிடித்தால் கொம்பைப் பிடிப்பது நசுருதீன்தான். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு பஸ் ஏறினார். காவிரியில் புதுத் தண்ணீர் செம்மண் நிறமாகப் போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸிலிருந்த பெண்கள் பாலத்தின் மேல் போகும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

உத்தர வீதி வீட்டு வாசலில் அவர் கூச்சத்தோடு நின்றார். குளித்துவிட்டுத்தான் வந்திருந்தார். ஆனாலும் முப்பது வருஷ வெங்காயம் ஒரு குளியலில் போகாது. உள்ளேயிருந்து ஒரு அம்மாள் எட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்துவிட்டுப் போனாள்.

"வாரும் நசுருதீன். நம்ம அகத்துக்குள்ளே வெங்காயம் நுழையற வழக்கமில்லே. நீர் நுழையலாம்" என்றார் டாக்டர்.

படத்தைப் பார்த்தார். உம்முடைய தமையனார் பாரியாள்தானே என்று கேட்டார். நசுருதீன், ஆமாங்க சாமி என்றார். கொம்பைப் பிடிக்கும்போது பிடிச்சுட்டேன் சாமி, ஊசி போடுங்க என்று சொல்கிற அதே குரலில் சொல்ல முயன்றார். டாக்டர் அந்தக் குரலை நம்பித்தான் எத்தனையோ தடவை மாட்டின் கால் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். கையெழுத்தும் போட்டார்.

"எம்பெருமான் கிருபையிலே பேரனைக் கண்டு க்ஷேமமாத் திரும்பட்டும்."

பஸ்ஸில் திரும்பும்போது நசுருதீன் பாரத்தை மடியில் வைத்துக்கொள்ளவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார்.

*

பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டால் போலீஸ் வீட்டுக்கு வந்து விசாரிக்கும். முஜிபுர் ரஹ்மான் அதையும் சொல்லிக் கொடுத்திருந்தார். பேர் கேட்பார்கள், மகன் பேர் கேட்பார்கள், புருஷன் பேர் கேட்பார்கள். தடுமாறினால் சந்தேகம் வரும். கேட்ட மாத்திரத்தில் சொல்ல வேண்டும்.

சாரா பீவி பீடி சுற்றிக்கொண்டே மனப்பாடம் செய்தாள். என் பேர் ஜஹானாரா. வீட்டுக்காரர் பேர் அப்துல் சுக்கூர். மகன் பேரை அவள் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் வாய் ஒரு முறை பழகிவிட்டால் பாத்திஹா ஓதுவது போல ஓடும். இலையை உருட்டும்போது ஜஹானாரா, நூல் சுற்றும்போது அப்துல் சுக்கூர். முதல் நாள் மைத்துனர் பேரைச் சொல்ல நாக்குக் கூசியது. மூன்று நாளில் கூச்சம் போய்விட்டது.

எதிரே ஜஹானாரா உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டில் அப்துல் சுக்கூர் என்கிற பேரை யாரும் அதுவரை உரக்கச் சொன்னதில்லை. நசுருதீனுக்கு அவர் அண்ணன். சாராவுக்குப் பெரிய மச்சான். ஜஹானாராவுக்கு 'அவுக'. ஒவ்வொரு முறை சாரா அந்தப் பேரைச் சொல்லும்போதும் ஜஹானாராவின் விரல் ஒரு இமைப்பொழுது நின்று பிறகு சுற்றியது. அவள் கட்டுகளில் அந்த நாட்களில் பீடி குறைந்தது. கம்பெனிக் கணக்குப்பிள்ளை ஏனென்று கேட்டதற்குக் கை வலி என்றாள்.

சாராவின் பேச்சு முழுக்க அந்த நாட்களில் குழந்தையாக இருந்தது. சுக்கும் திப்பிலியும் வாங்கி வெயிலில் காய வைத்தாள். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிண்டி, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்தை ஒரு டின்னில் போட்டு மூடினாள். வசம்பைச் சுட்டுப் பொட்டலம் கட்டினாள். கனி பிறந்தபோது சுற்றிய பழைய துணி ஒன்று பெட்டியில் இருந்தது. அதை எடுத்துத் துவைத்தாள். தைப்பிங்கில் தினமும் மழை பெய்யுமாமே, துணி எப்படிக் காயும் என்று கவலைப்பட்டாள். இத்தனை வார்த்தை அவள் பேசி நசுருதீன் கேட்டதில்லை.

ஏட்டு ஸ்தனிஸ்லாஸ் வந்தது ஒரு முற்பகலில். காற்றில் கண் சிவந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். அவரும் பாலக்கரைக்காரர்தான். சர்ச்சுக்குப் பின்னால் வீடு. நசுருதீன் மண்டியில் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்து போட்ட ஸ்டூலில் ஏட்டு வாசலிலேயே உட்கார்ந்தார். ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார். போட்டோவோடு முகத்தை ஒத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது, தப்பாக நினைக்க வேண்டாம் என்று திரைக்கு உள்பக்கமாகச் சொன்னார்.

கருகமணியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வெள்ளைச் சேலையும் வெறும் கழுத்துமாக சாரா பீவி வந்து நின்றாள். திரைக்குப் பின்னால் ஜஹானாரா.

"பேரு?"

"ஜஹானாரா."

"யாரைம்மா பாக்கப் போறீங்க?"

"எம் மகனை."

"மகன் பேரு?"

"கனி."

ஏட்டு பாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பேனாவைத் திறந்தார்.

"வூட்டுக்காரர் பேரு?"

"அப்துல் சுக்கூர்."

எழுதப் போன பேனா நின்றது. ஏட்டு நிமிர்ந்தார். காதில் விழாதது போல மறுபடி கேட்டார்.

"அப்துல் சுக்கூர்ங்க" என்றாள் சாரா பீவி, இன்னும் தெளிவாக. "மவுத்தாயிட்டாங்க."

ஏட்டு பேனாவை மூடிச் சட்டைப் பையில் சொருகினார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். அவருக்கு வயசானவர் முகம் வந்துவிட்டது.

"எங்க வூட்லயும் ஒரு பொம்பள இருக்காம்மா. கல்யாணமாகி இருபது வருஷம் இருக்கும். கோயில்ல சாமியார் கேட்டாக்கூட எம் பேரச் சொல்லமாட்டா. பெரியவனோட அப்பாம்பா. ஆஸ்பத்திரில கேட்டாங்க, பக்கத்துல நின்னவளக் கெஞ்சி சொல்லச் சொன்னா."

சாரா பீவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவர் ஏன் தன் வீட்டுக் கதையைச் சொல்கிறார் என்று பார்த்தாள்.

"இந்தத் தெருவுல நான் எத்தனையோ வூட்டுல வெசாரிச்சிருக்கேன். புருஷன் பேரு கேட்டா ஒரு பொம்பளையும் வாயத் தொறந்ததில்ல. செத்துப்போனவரா இருந்தாலும் அப்படித்தான். நீங்க என்னடான்னா மளிகைக் கடையில சாமான் பேரு சொல்ற மாதிரி சொல்றீங்க."

அவள் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை.

"இப்பச் சொல்லுங்க" என்றார் ஏட்டு மெதுவாக. "ஒங்க வூட்டுக்காரர் பேரு என்ன?"

சாரா பீவி வாயைத் திறக்கவில்லை. தலை குனிந்தாள். முந்தானையை இழுத்துக்கொண்டாள். அவர் கேட்டதற்கு அதுவே பதிலாகிவிட்டது என்று அவளுக்கும் தெரிந்தது, ஆனாலும் வாய் வரவில்லை. திரைக்குப் பின்னால் வளையல் இல்லாத ஒரு கை சுவரைப் பிடிக்கும் ஓசை கேட்டது.

"உள்ள இருக்கறவங்கதான் ஜஹானாராவா?"

சாரா பீவியின் கண் திரைப் பக்கம் போய்த் திரும்பியது.

"பையனப் பெத்தது யாரு?"

"நான்" என்றாள் சாரா பீவி.

"அதான் அவன் பேரக் கேட்டப்ப எனக்குச் சந்தேகமே வரல."

ஏட்டு பாரத்தை இன்னொரு தரம் மேலிருந்து கீழ் வரை படித்தார். இதை இப்படியே எழுதினால் கேஸ் ஆகும் என்றார். அவள் மட்டுமில்லை, கையெழுத்துப் போட்ட டாக்டர் உத்தியோகமும் ஆட்டம் காணும். மலாயாவுக்கு எழுதிக் கேட்டார்களானால் பையனும் மாட்டுவான். எழுதாமல் விட்டுப் பின்னால் தெரிந்தால் தன் சட்டை கழன்றுவிடும், தனக்குப் பெண்கள் இருக்கிறார்கள் என்றார். அவளிடம் சொல்கிற மாதிரி இல்லை, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி இருந்தது.

"பெத்தவ போறதுக்கு ஒரு வழியும் இல்லீங்களாய்யா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லம்மா."

எழுந்து தொப்பியை வைத்துக்கொண்டார். பாரத்தை ஸ்டூல் மேல் வைத்தார்.

"நான் இன்னிக்கு ஒங்கள வெசாரிக்கல. வந்தேன், போட்டோ சரியா விழல, மாத்தி ஒட்டிக் குடுக்கச் சொல்லித் திருப்பிட்டேன்னு வெச்சுக்குங்க. பேருக்கு உரியவங்க போறதா இருந்தா ஒரு தடையும் இல்ல. அவங்க மொகத்த ஒட்டுங்க."

சைக்கிள் சந்து முனையைத் தாண்டியது. சாரா பீவி நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள்.

*

நசுருதீன் வந்தபோது அவள் வெள்ளைச் சேலையில் அப்படியே இருந்தாள். அடுப்பு மூட்டவில்லை. ஜஹானாராதான் நடந்ததைச் சொன்னாள். சொல்லும்போது அவள் குரல், தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதைப் போல இருந்தது. நான் உள்ளே இருந்து ஒன்றும் செய்யவில்லை, சத்தம் கூடப் போடவில்லை என்று இரண்டு தடவை சொன்னாள்.

அவர் யாரையும் கோபிக்கவில்லை. ஆணியில் தொங்கிய கருகமணியை எடுத்து மனைவி மடியில் போட்டார்.

"போட்டுக்க. நான் இன்னும் சாகல."

சாரா பீவிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அதுவும் அதிக நேரம் இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து அரிசி களைந்தாள்.

சோறு வேகும்போது அடுப்புப் பக்கமிருந்தே சொன்னாள், "அக்கா, நீங்க போங்க."

ஜஹானாரா முடியாது என்றாள். பெற்றவள் இங்கே இருக்க நான் எந்த முகத்தோடு போய் நிற்பேன் என்றாள். பிள்ளை பெறாதவள் நான், பேறு பார்க்க எனக்கு என்ன தெரியும் என்றாள். கனியைக் கடைசியாகப் பார்த்தது நீ பார்த்த அன்றுதான், இப்போது மீசை வைத்த ஆம்பளையாக இருப்பான், எனக்கு அடையாளம்கூடத் தெரியாது என்றாள். இதே பேச்சு இரண்டு மூன்று நாள் நடந்தது. 

நாலாம் நாள் சாரா பீவி கையிலிருந்த இலையைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பொண்ணு வலி எடுத்துக் கத்தறப்போ கதவுக்கு வெளியில அவன் ஒருத்தனா நிப்பான். அதான் எனக்குக் கண்ணுக்குள்ள நிக்குது. நானா நீங்களாங்கறது இல்ல. யாராச்சும் ஒரு பொம்பள போகணும்."

அதற்கு மேல் ஜஹானாரா மறுக்கவில்லை. அவளுக்குள்ளும் ஒரு ஆசை இருந்திருக்கலாம். தைப்பிங் கபுர்ஸ்தானில் அவுக எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று கனிக்குத் தெரிந்திருக்குமா என்று ஒரு நாள் மெல்லக் கேட்டாள். தெரியாமலா, வெள்ளிக்கிழமை தோறும் போகிறானாம், எழுதியிருந்தானே என்றாள் சாரா. அவன் அப்படி எழுதியிருக்கவில்லை. நசுருதீன் திருத்தவில்லை.

மறுபடி ஸ்டூடியோ. இந்தத் தடவை கழற்ற வேண்டியது ஒன்றுமில்லை. மறுபடி ஸ்ரீரங்கம். நசுருதீன் வாசலோடு நின்றுகொண்டார், உள்ளே வரச் சொல்லியும் போகவில்லை. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். டாக்டர் சௌரிராஜன் புதுப் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னிடத்திலே அசத்தியம் சொல்லிட்டீரே, நசுருதீன்."

"சொல்லிட்டேன் சாமி."

"இது நிஜமா?"

"பேரும் மொகமும் நெஜம் சாமி. மகன்கறது மட்டும்..."

டாக்டர் கையை உயர்த்தி நிறுத்தினார். மகனைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை, ஆளைத் தெரியுமா என்றுதான் கேட்கிறார்கள் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஆனால் அதன் பிறகு மார்க்கெட்டுக்கு ஊசி போட வரும்போது கொம்பைப் பிடிக்க வேறு ஆளைக் கூப்பிட்டார்.

ஏட்டு இரண்டாம் முறை வந்தார். புருஷன் பேரைக் கேட்டார். ஜஹானாரா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நசுருதீனைப் பார்த்து, ஒங்க அண்ணன் பேரச் சொல்லுங்களேன் என்று முணுமுணுத்தாள். ஏட்டு யாரும் சொல்லும் வரை காத்திருக்கவில்லை. எழுதிக்கொண்டு போய்விட்டார்.

பாஸ்போர்ட் வருகிற வரைக்கும் சாரா பீவி பாடம் நடத்தினாள். காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே தலையணையைக் கிடத்தி, குழந்தையை எப்படிக் குளிப்பாட்டுவது என்று காட்டினாள். தலைக்கு ஊற்றும்போது நெற்றியில் கையை அணையாக வைக்க வேண்டும். மூக்கில் தண்ணீர் போகக் கூடாது. ஜஹானாரா தலையணையை வாங்கித் தன் காலில் போட்டுக்கொண்டு செய்து பார்த்தாள். அவள் கால்கள் மெலிந்து வெளுத்திருந்தன. தலையணை வழுக்கி விழுந்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒன்றாகச் சிரித்து அந்த வீடு கேட்டதில்லை. பிறகு அவரவர் முறத்துக்குத் திரும்பிக்கொண்டார்கள்.

*

நாகப்பட்டினத்தில் கப்பல். அதே கப்பலில் போகிற உறையூர் ராவுத்தர் குடும்பம் ஒன்று துணை இருந்தது. ஏற்றிவிட்டு வர நசுருதீன் கூடப் போகிறார். திருச்சி ஜங்ஷன் வரைக்கும் சாரா பீவி வந்தாள். அதற்கு மேல் அவளுக்கு டிக்கெட் எடுக்கவில்லை.

மருந்து டின்னை ஜஹானாரா மடியிலேயே வைத்திருந்தாள். பழைய துணி மூட்டைக்குள் இருந்தது. வடகம், புளி, ஊறுகாய் என்று சாரா ஒவ்வொன்றாக மறுபடி சொன்னாள். நசுருதீன் எதிர்ப் பலகையில் முட்டியைத் தேய்த்தபடி உட்கார்ந்திருந்தார். வெளியே பிளாட்பாரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள் சாரா. மழை இருட்டிக்கொண்டு வந்தது.

"பினாங்குல எறங்குனதும் கேப்பாங்க அக்கா. யாரப் பாக்க வந்தேன்னு."

"மகனைன்னு சொல்றேன்."

"பேரு கேப்பாங்க."

"முகம்மது கனி" என்றாள் ஜஹானாரா, எழுதி வைத்ததைப் படிப்பது போல.

சாரா பீவி இல்லையென்று தலையசைத்தாள். "அது காயிதத்துல இருக்கற பேரு. பெத்தவ அப்படிச் சொல்லமாட்டா. கனின்னு சொல்லுங்க. அவங்க கேட்டு வாய மூடறதுக்குள்ள சொல்லிடணும்."

"கனி."

"இன்னொரு தரம்."

"கனி."

"யாரு அவன்?"

ஜஹானாரா அவள் முகத்தைப் பார்த்தாள். டின்னைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின. கார்டு விசில் ஊதுவது கேட்டது.

"எம் மகன்" என்றாள்.

"இப்பிடித் தயங்கி நின்னு சொல்லாதீங்க. நின்னா கண்டுபிடிச்சிருவாங்க. புருஷன் பேருல நிக்க வேண்டிய எடத்துல நான் நிக்காமச் சொல்லி மாட்டிக்கிட்டேன். நீங்க நிக்கக் கூடாத எடத்துல நின்னுடாதீங்க."

ரயில் அசைந்தது. சாரா பீவி கம்பியை விடாமல் கூடவே நடந்தாள். துப்பட்டி தலையிலிருந்து சரிந்தது. அதைச் சரி செய்யவில்லை.

"யாரு அவன்?" என்று மறுபடி கேட்டாள்.

"எம் மகன்."

இந்தத் தடவை ஜஹானாரா நிற்கவில்லை. சாரா பீவி கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.